சுருக்கம் இல்லாத விரிப்பு

"விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது" என்றார் வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ். கிழக்கு தில்லியில் மூன்றாவது மாடியிலிருக்கும் அந்த பிளாட்டில் படுக்கை விரிப்பைப் பற்றி அதற்கு முன் யாரும் அவ்வளவு கண்டிப்பாகப் பேசியதில்லை.

அம்மாவுக்கு 81 வயது. பெருந்துறைப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமான பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். நிமிர்ந்து உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருக்களித்துப் படுக்கக்கூடத் துணை வேண்டும். 2024 ஜூன் மாதம். வெளியே வெயில் 44 டிகிரியைத் தொட்டுக் கொண்டிருந்தது.

நர்ஸ் மலையாளி. பொறுமையாக விளக்கினார். ஒரே இடத்தில் வெகுநேரம் படுத்திருந்தால் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்குகிறது, அங்கே ரத்தம் போவதில்லை. அடிமுதுகு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு இவைதான் முதலில் புண்ணாகும். துணியின் மடிப்பு உறுத்தினால் புண் சீக்கிரம் வரும். வியர்வையிலோ சிறுநீரிலோ துணி ஈரமாக இருந்தால் இன்னும் சீக்கிரம். இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நனைந்த விரிப்பை உடனே மாற்ற வேண்டும். "காட்டன் போதும். ஆனால் காட்டனாக இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கடைசி வாக்கியத்தின் அர்த்தம் மகளுக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று.

அலமாரியில் விரிப்புகளுக்குப் பஞ்சமில்லை. எண்ணிப் பார்த்ததில் பதினேழு இருந்தன. கிருகப் பிரவேசத்துக்கு வந்தவை, அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவை, ஆபீசில் தீபாவளிக்குக் கொடுத்தவை. எட்டில் பிளாஸ்டிக் உறையே பிரிக்கப்படவில்லை. யாரோ கொடுத்ததை வேறு யாருக்கோ கொடுக்க எடுத்து வைத்த இனம். இந்திய நடுத்தரக் குடும்பங்களில் பெட்ஷீட் என்பது படுக்க விரிப்பதற்கு முன் குறைந்தது மூன்று வீடுகளைச் சுற்றிப் பார்க்கிற பொருள்.

கணவரின் மத்திய அரசு வேலையில் மாற்றலாகிப் போன ஊர்களின் சரித்திரமும் அந்த அலமாரியில் இருந்தது. நாகபுரியில் வாங்கிய சோலாப்பூர் சாதர் கனமானது, நன்றாக உழைப்பது, ஜனவரிக் குளிருக்குத் தோதானது. ஜூனில் அதைப் பார்த்தாலே வியர்க்கும். கொல்கத்தாவில் இருந்தபோது வாங்கிய காந்தா, பழைய பருத்திப் புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டது. ஜெய்ப்பூர் ரஜாய் ஒன்று. இவையெல்லாம் போர்த்திக் கொள்ள. கீழே விரிக்க இருந்தவை பெரும்பாலும் 90க்கு 100 அங்குல இரட்டைக் கட்டில் விரிப்புகள். அம்மாவின் ஒற்றைக் கட்டிலில் அவற்றை மடித்துச் செருகினால் மெத்தைக்கு அடியில் மூட்டை மாதிரி புடைத்துக் கொள்ளும்.

முதல் நாள் பெரிய தாமரைப்பூ போட்ட ஒன்றை விரித்தார்கள். இரவுக்குள் அம்மாவின் முதுகு நனைந்து, விரிப்பு ஒரு பக்கமாக வழுக்கிக் கால்மாட்டில் சுருண்டு கிடந்தது. அம்மா அதன் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது துணியில்ல கண்ணு, காயிதம்" என்றார்.

உறையில் 'கிளேஸ் காட்டன்' என்று அச்சாகியிருந்தது. மகள் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, சமையலறை அடுப்பில் காட்டினார். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். இது சுருங்கி, உருகி, ஆறியதும் கடுகளவு கறுப்பு மணியாக இறுகியது. விரலால் நசுக்க முடியவில்லை. பதினேழில் பதினொன்று அந்தச் சோதனையில் தோற்றன. பெயரில் எங்கேயாவது 'காட்டன்' இருக்கும். காட்டன் பிளெண்ட், காட்டன் ரிச், எல்லாவற்றுக்கும் மேலாகக் 'காட்டன் ஃபீல்'. கடைசி வகையில் பருத்தியின் நினைவு மட்டும்தான் உண்டு. பாலியெஸ்டரைக் குறை சொல்லவும் முடியாது. மலிவு, சுருங்காது, சாயம் போகாது, அரை மணியில் உலர்ந்துவிடும். ஆனால் பருத்தியைப் போல வியர்வையை உறிஞ்சாது. நடமாடுகிற மனிதர்கள் அதில் ஆறு மணி நேரம் தூங்கி எழுந்துவிடலாம். இருபத்து நான்கு மணி நேரமும் அதன் மேல் கிடப்பவர் கதை வேறு.

தேறிய ஆறில் நான்கு ரொம்பப் பழசு. அவற்றைத்தான் அம்மா கேட்டு வாங்கிப் போட்டுக் கொண்டார். ஆனால் நாளைக்கு இரண்டு முறை மாற்றுகிற வீட்டில் நான்கு எந்த மூலைக்கு? கட்டிலில் ஒன்று, சோப்புத் தண்ணீரில் ஒன்று, கொடியில் ஒன்று, இஸ்திரிக்காரரிடம் ஒன்று, அலமாரியில் அவசரத்துக்கு இரண்டு. மகள் காகிதத்தில் போட்ட கணக்கில் இன்னும் ஆறு வேண்டும், எல்லாம் ஒற்றைக் கட்டில் அளவு. ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணம் போக அந்த மாதம் கையில் இருந்ததில் அதற்கு ஒதுக்க முடிந்தது மூவாயிரம் ரூபாய்.

ஒரு மாலில் குளிரூட்டிய கடை. விற்பனைப் பெண் எண்களில் பேசினார். இது 300, இது 600, இது 1,000. ரூபாயல்ல, இழைகள். ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடையுமாக எத்தனை இழைகள் என்ற கணக்கு. பாவில் 100, ஊடையில் 90 என்றால் 190. கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும் இந்த எண்தான் நம்முடைய வீடுகளில் பல வருஷம் உழைத்த சாதாரண நல்ல விரிப்புகளின் எண். ஆயிரம் ஒற்றை இழைகளுக்கு ஒரு சதுர அங்குலத்தில் இடமே கிடையாது. மெல்லிய நூல்களை இரண்டு மூன்றாக முறுக்கி ஒரு நூலாக்கி நெய்வார்கள், எண்ணும்போது மட்டும் தனித்தனியாக எண்ணுவார்கள். ஆயிரத்தின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

இழைகளின் எண்ணிக்கையைவிட நூலின் நம்பரைக் கேட்பது பயனுள்ளது. ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ அதுதான் நம்பர். இருபதாம் நம்பர் நூல் தடிப்பு, நாற்பது நடுத்தரம், அறுபது மெல்லியது. கடையில் கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. மகள் எடுத்துப் பார்த்த விரிப்பு சாட்டின் நெசவு. மழமழவென்று கன்னத்தில் ஒற்றிக் கொள்ளத் தோன்றும். ஆனால் மேலே மிதக்கும் நீண்ட இழைகள் கொலுசிலோ வளையலிலோ மாட்டினால் உருவிக் கொண்டு வரும். ஒன்று விட்டு ஒன்று பின்னும் சாதா நெசவு அவ்வளவு பளபளக்காது. காற்றும் புகும், அடித்துத் துவைத்தாலும் தாங்கும். விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்ததும் நெசவுப் பாடம் முடிவுக்கு வந்தது. 3,800 ரூபாய். ஒன்றுக்கு.

வாரச் சந்தையில் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் பில்குவா சரக்கு வைத்திருந்தார். தில்லியிலிருந்து மொராதாபாத் போகிற சாலையில், ஹாப்பூர் மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஊர். பெட்ஷீட்டுக்காகவே பெயர் பெற்றது. ஒற்றை விரிப்பு 280 ரூபாய். மகள் இரண்டு வாங்கி வந்தார். அம்மா படுத்தபடியே பரிசோதனை நடத்தினார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். இழைகள் சமமாகத் தெரிந்தன, ஓரிரு இடத்தில் மட்டும் நட்சத்திரம் போல ஓட்டை. ஓரத்தைக் கசக்கச் சொன்னார். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. "கஞ்சி எச்சாப் போட்டிருக்கான். தொவச்சா பாதி எடதான் நிக்கும்" என்றார். ஈரக் கைக்குட்டையால் பூவைத் தேய்த்தபோது சிவப்பு ஒட்டிக் கொண்டது. வியர்வையோடு அந்தச் சாயம் முதுகில் இறங்கும். நர்ஸும் வெள்ளை அல்லது வெளிர் நிறம்தான் வேண்டும் என்றிருந்தார். ரத்தமோ நீரோ கசிந்தால் அதில்தான் தெரியும். பில்குவா முழுக்க இப்படியென்று சொல்ல முடியாது. அன்று அந்த வண்டியில் இருந்தது அப்படி.

அம்மாவுக்கு இந்த ஞானம் வந்த இடம் சென்னிமலை. பெருந்துறையிலிருந்து கூப்பிடு தூரம். தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கேட்கிற ஊர். ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் தீபாவளிக்குக் கைத்தறித் துணியைத் தள்ளுபடியில் எடுத்து, மாதாமாதம் சம்பளத்தில் கட்டுவது அங்கே வழக்கம். அம்மா முப்பது வருஷம் அப்படிக் கட்டியவர்.

படுக்கை விரிப்புக்கும் கைத்தறிக்கும் சட்டபூர்வமான உறவே உண்டு. 1985ல் நாடாளுமன்றம் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. முதலில் 22 ரகங்கள், பிறகு 11. சுருங்கிய பட்டியலிலும் சேலை, வேட்டி, லுங்கி, ஜமக்காளத்தோடு படுக்கை விரிப்பும் இடம்பிடித்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கிறது, கடை வீதி ஒரு பக்கம் போகிறது. 2019-20 கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் கைத்தறியில் நெசவாளரும் உதவியாளரும் சேர்ந்து 35 லட்சம் பேர். பத்தாண்டுக்கு முந்தைய கணக்கெடுப்பில் 43 லட்சம்.

பெருந்துறையிலிருக்கும் தம்பிக்கு போன் போயிற்று. அவருடைய மகன் வேலை நேர்முகத்துக்காக அடுத்த வாரம் தில்லி வருவதாக இருந்தது. "சொசைட்டியில எட்டு சிங்கிள். வெள்ளையோ, வெளுத்த நெறமோ. ஒரு முழம் நீளமாப் பாத்து எடுக்கச் சொல்லு, சுருங்கும்" என்று அம்மா பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுத்தார். மகள் ஆறு என்றுதான் சொல்லியிருந்தார். போனில் அது எட்டாகிவிட்டது.

இடைப்பட்ட நாட்களில்தான் பெட்டி திறக்கப்பட்டது. பரண் மேல் இருந்த இரும்புப் பெட்டி. மகளின் கல்யாணத்தின்போது, 1994ல், சீரோடு வந்தது. அடியில், பழைய பட்டுப் புடவைக்கும் கீழே, இரண்டு வெள்ளை விரிப்புகள். நீலக் கரை, மெல்லிய நூல். அம்மா ஆறு தவணையில் கட்டி வாங்கியவை. முதல் வீட்டில் 'இதற்கு நல்ல கட்டில் வாங்கின பிறகு' என்று எடுத்து வைத்தார் மகள். நாகபுரியில் தண்ணீர் உப்பு, கறை பிடிக்கும் என்று வைத்தார். கொல்கத்தாவில் புழுக்கம். தில்லிக்கு வந்த பிறகு, விருந்தாளி வந்தால் போடலாம் என்று. விருந்தாளிகள் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொரு முறையும் அதற்கும் மேலான விருந்தாளி ஒருவர் வரக்கூடும் என்று தோன்றியது.

முப்பது வருஷம். கஞ்சி போட்ட துணியை மடித்தே வைத்தால் மடிப்பில் பழுப்பேறும், பிறகு அந்த இடத்தில் இழை நொந்துபோகும். மகள் இரண்டு கையாலும் பிடித்து உதறியபோது ஒரு சத்தம் கேட்டது. மடித்திருந்த கோடு நெடுகிலும் விரிப்பு நான்காகப் பிரிந்தது. இன்னொன்றும் அப்படியே.

மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கையை நீட்டி ஒரு துண்டை வாங்கினார். தேய்த்துப் பார்த்தார். மடிப்பைத் தவிர மற்ற இடமெல்லாம் கெட்டியாக இருந்தது.

"அறுவதாம் நம்பர் நூலு" என்றார். "ஏங்கண்ணு, ஒரு நாளாச்சும் படுத்தயா?"

படுக்கவில்லை என்று மகள் சொன்னார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. இடுப்பில் வலி எடுக்கிற வரைக்கும் சிரித்தார். பிறகு கத்தரிக்கோல் கேட்டார். எட்டுத் துண்டுகளின் ஓரத்தையும் மடித்துத் தைக்கச் சொன்னார். நோயாளிக்கு இடுப்புக்குக் கீழே, ரப்பர் ஷீட்டின் மேல் குறுக்காகப் போட ஒரு துணி வேண்டும். முழு விரிப்பையும் மாற்றாமல் அதை மட்டும் உருவி மாற்றலாம். நர்ஸ் அதைத்தான் மூன்று நாளாகக் கேட்டுக் கொண்டிருந்தார். இரண்டு முறை துவைத்ததும் முப்பது வருஷப் பழுப்பு பாதி போயிற்று, துணி பஞ்சாகிவிட்டது.

தம்பி மகன் ஈரோட்டில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி, இரண்டு இரவு பயணம் செய்து வந்து சேர்ந்தான். பையில் எட்டு விரிப்புகள். ஒன்று 410 ரூபாய். பட்ஜெட்டை இடித்தது. மூத்த மருமகன் என்ற முறையில் இரண்டுக்கான பணத்தைத் தம்பி வாங்க மறுத்துவிட்டதால் சமாளிக்க முடிந்தது. ஏ.சி. பெட்டியில் வந்த பையன், ரயிலில் கொடுத்த விரிப்புதான் பிரமாதம் என்றான். காகித உறையில் இரண்டு வெள்ளை விரிப்பு, தலையணை, கம்பளி. கொரோனாவால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2022 மார்ச்சில்தான் திரும்பி வந்த சௌகரியம் அது. விரிப்பு சரி, கம்பளி? மாதம் ஒரு முறையாவது துவைக்கப்படுகிறது என்று 2024 நவம்பரில் ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அந்தப் பதிலில் நிம்மதி அடைந்தவர்களும் இருக்கலாம். 2025 அக்டோபரில் ஜெய்ப்பூர் - அசார்வா ரயிலில் கம்பளிக்கு சாங்கானேர் அச்சுத் துணியில் உறை போட்டுத் தரும் சோதனை தொடங்கியது. பதினேழு விரிப்புகள் வைத்திருக்கும் வீட்டுக்கு வராத யோசனை ரயில்வேக்கு வந்திருக்கிறது.

புது விரிப்புகளை அம்மா உடனே போட விடவில்லை. ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சியை இறக்க வேண்டும். மூன்று முறை துவைக்க வேண்டும். புதுத் துணியின் விறைப்பு இளம் பெண்ணுக்குக்கூட உறுத்தும். பழந்துணிதான் மெத்து. பிறந்த குழந்தையை அம்மாவின் பழைய சேலையில் கிடத்துகிறதும், வங்காளத்துக் காந்தாவும், மராட்டியத்துக் கோதடியும், வட கர்நாடகத்துக் கௌதியும் இந்த அறிவில் பிறந்தவைதான். கடைக்காரரிடம் காசு கொடுத்து வாங்க முடியாத மிருது அது. துவைத்துத் துவைத்துத்தான் வரும்.

மொட்டை மாடியில் எட்டு விரிப்புகள் காய்ந்தன. தில்லியின் ஜூன் வெயிலில் முதல் விரிப்பைக் கொடியில் போட்டு எட்டாவதுக்கு வரும்போது முதலாவது உலர்ந்திருக்கும். மேற்கே வானம் செம்மண் நிறமானால் ஓடிப்போய் எடுக்க வேண்டும், ஆந்தி வந்தால் துவைத்ததெல்லாம் வீண். அன்று வரவில்லை. வெயிலில் உலர்ந்த துணிக்கென்று ஒரு வாசனை உண்டே, அது கவிஞர்களின் கற்பனை இல்லை. நனைத்த துண்டுகளை வெயிலிலும் நிழலிலும் வீட்டுக்குள்ளும் உலர்த்தி ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2020ல் வெளியானது. வெயிலில் உலர்ந்தவற்றில் மட்டும் மணம் தரும் ஆல்டிஹைடு, கீட்டோன் வகைப் பொருட்கள் கூடுதலாக இருந்தன. பாட்டிலில் அடைத்து விற்கும் திரவங்கள் அந்த வாசனையைத்தான் துரத்திக் கொண்டிருக்கின்றன.

வேப்ப மரத்தடி இஸ்திரிக்காரர் கரிப் பெட்டியால் தேய்த்துக் கொடுத்தார். சூடு ஆறுமுன் மகள் மேலே கொண்டு வந்தார்.

படுத்த படுக்கையாக இருப்பவரை எழுப்பாமல் விரிப்பு மாற்றுவது ஒரு வித்தை. நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். அம்மாவை வலப் பக்கம் ஒருக்களிக்க வைத்து, பழைய விரிப்பை முதுகு வரை சுருட்டித் தள்ள வேண்டும். காலியான பாதியில் புதியதை விரித்து, அதன் மறுபாதியைச் சுருட்டி அதன் பக்கத்திலேயே வைக்க வேண்டும். பிறகு அந்த மேட்டின் மேல் அம்மாவை இடப் பக்கம் உருட்ட வேண்டும். அந்தப் பக்கம் நிற்பவர் பழையதை உருவி, புதியதை இழுத்துச் செருக வேண்டும். முதல் வாரம் கால் மணி ஆனது. இப்போது நான்கு நிமிஷம்.

விரித்து முடித்ததும் அம்மா இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையால் துணியை மெதுவாகத் தடவினார். இரண்டு தடவை, மூன்று தடவை. பரீட்சைத் தாள் திருத்துகிறவர் பக்கத்தை நீவிக் கொள்வது போல. கண்ணை மூடிக் கொண்டார்.

"ஆசுபத்திரியில கெடந்தப்பகூட இதுதான் ஞாபகம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டார். வலி மாத்திரை இல்லாமல் தூங்கியது அன்றுதான் முதல்.

மறுநாள் நர்ஸ் வந்து கையை முதுகுக்கு அடியில் விட்டுப் பார்த்தார். குதிகாலையும் அடிமுதுகையும் பார்த்தார். நான்கு நாளாக அங்கே இருந்த சிவப்பு குறைந்திருந்தது. நோட்டில் குறித்துக் கொண்டார்.

விருந்தாளியாக வந்த தம்பி மகனுக்கு ஹாலில் மெத்தை போட்டிருந்தார்கள். பருத்தியெல்லாம் அம்மாவின் கணக்கில் போய்விட்டதால் அவனுக்குக் கிடைத்தது தாமரைப்பூ. காலையில் பார்த்தபோது விரிப்பு சோபாவுக்கு அடியில் கிடந்தது. பையன் வெறும் மெத்தையில் தூங்கிக் கொண்டிருந்தான்.